ஒரே இழுப்பு

புதுப் பிளேடைத் தாளிலிருந்து பிரித்ததும் முதல் வேலையாக அதை இடது முன்னங்கையில் வைத்து ஒரு முறை இழுத்துப் பார்ப்பாள். முடி சத்தமில்லாமல் உதிர வேண்டும். பிசிறினால் அந்தப் பிளேடு பென்சில் சீவத்தான் லாயக்கு. இதனாலேயே அவளுடைய இடது கை மழமழவென்றும் வலது கை பூனைமுடியோடும் இருக்கும். இரண்டு கையும் இரண்டு ஆளுடையது போலத் தோன்றும்.

கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக அட்டெண்டர். பிள்ளைகள் வைத்த பெயர் பிளேடக்கா. பேசியே கழுத்தை அறுப்பவர்களுக்கு வைக்கிற பட்டம் அது. இவளோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவள். அறுப்பதெல்லாம் செடித் தண்டுகளை மட்டும்தான். தண்ணீர் தொட்ட பிளேடு, இடது விரல்களுக்கு நடுவில் தண்டு, தன்னை நோக்கி ஒரு இழுப்பு. சீவல்கள் கண்ணாடிக் கிண்ணத்தில் மிதக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஸ்லைடுக்கென்று இருபதில் ஒன்றைத்தான் பிரஷ் நுனியால் எடுப்பாள். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லிய ஒன்றை.

புதிதாக வந்த பிள்ளைகள் பிளேடை முன்னும் பின்னும் ஆட்டினால் மட்டும் பேசுவாள். "மரமா அறுக்கற? ரம்பம் போடாத கண்ணு. மூச்ச விட்டுட்டு ஒரே இழுப்பு."

எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் செல்சுவர்ப் பாடத்தைக் கழுவுதொட்டி ஓரமாக நின்று இருபத்திரண்டு முறை கேட்டிருக்கிறாள். அவளுக்குப் புரிந்த விதம் இது. செடியின் உடம்பெல்லாம் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறை இரண்டாகும்போது நடுவில் முதலில் வருவது பசை மாதிரி ஒரு கோடு. அதற்கு இரண்டு பக்கமும் அவரவர் தம் சுவரை இழை இழையாக நெய்துகொள்கிறார்கள். வளரும் வயதில் சுவரும் இழுத்த இழுப்புக்கு வரும். வளர்ச்சி நின்றதும் சில அறைகள் உள்பக்கமாக இன்னொரு சுவர் எழுப்பும். அடுக்குக்கு அடுக்கு இழைகள் திசை மாறும். இழைகளுக்கு நடுவில் ஒரு கெட்டிப் பொருள் ஏறும். ஸ்லைடில் ஏற்றும் சிவப்புச் சாயம் பிடிப்பது அங்கேதான். தண்ணீர் போகும் குழாய்களில் சுவரைக் கட்டி முடித்தவர் உள்ளேயே செத்துப்போவார். அந்தக் காலி அறைகள் வழியாகத்தான் வேரின் தண்ணீர் இலைக்கு ஏறுகிறது.

"கட்டினவரு போயிடுவாரு, ஊரு தண்ணி குடிக்கும்," என்று ஒருநாள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மூன்று மாதமாக அவளுடைய வலது கட்டைவிரல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சும்மா இருக்கும்போது தானாக ஆடுகிறது. அவளுடைய அம்மாவுக்கும் இப்படித்தான் கட்டைவிரலில் ஆரம்பித்தது. கடைசியில் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாமல் போய்ச் சேர்ந்தாள். அதனால் இது என்னவென்று இவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. டாக்டரிடம் போகவில்லை. போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் வந்த மறுநாள் இந்த மேசை போய்விடும். பாட்டில் துடைக்கவும் வாசலில் உட்காரவும் அனுப்புவார்கள். மேசை இல்லாத தன்னை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தையல்காரரான புருஷன் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒரு மாதமாக அவளுக்கு நீட்டும் தேநீர் டம்ளரில் பாதிதான் ஊற்றுகிறார். அவளும் மீதி எங்கே என்று கேட்கவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு இளந்தண்டில் நாற்பது ஸ்லைடு வேண்டியிருந்தது. யாரும் வருவதற்கு முன்பே வந்து, முழங்கையை மேசையில் அழுத்திக்கொண்டு வெட்டினாள். பதினேழாவதில் விரல் ஆடியது. சீவல் கொஞ்சம் சாய்வாக விழுந்ததோ என்று மனசுக்குப் பட்டது. மறுபடி வெட்டியதும் அப்படியே. மணி அடித்துவிட்டது. அதையே சாயமேற்றி வைத்தாள்.

நேராக வெட்டினால் சுவர் ஒற்றைக் கோடு. சாய்த்து வெட்டினால் அதே சுவர் படுத்துக்கொண்டு பட்டையாகத் தெரியும். பதினேழாம் எண்ணில் உட்கார்ந்த பெண் படிப்பில் சுமார், பார்வையில் கூர்மை. கண்ட பட்டையைக் கண்டபடி வரைந்தாள். முற்றிய தண்டு என்று எழுதினாள்.

துறைத்தலைவியான பேராசிரியை அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தினார். "இளந்தண்டுல சுவர் இவ்வளவு தடிமனா எங்கம்மா இருக்கு? பழைய ரெக்கார்டப் பாத்து வரைஞ்சியா?"

"பாத்ததத்தான் மேடம் வரைஞ்சேன்."

"பாத்திருந்தா இப்படி வராது."

தாளின் குறுக்கே சிவப்பு மையில் இரண்டு கோடு விழுந்தது. போன வருடமே ஒருமுறை தவறியவள். இந்த முறையும் போனால் படித்தது போதும் என்று அவள் வீட்டில் சொல்லியிருப்பது ஆய்வகம் முழுக்கத் தெரியும். அந்தப் பெண் சத்தமில்லாமல் அழுதபடி பையை எடுத்துக்கொண்டு போனாள்.

தேர்வு முடிந்ததும் ஸ்லைடுகளைக் கழுவி வைப்பது பிளேடக்காவின் வேலை. குழாயைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பதினேழு கைக்கு வந்தது. கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு போதும்; சிவப்பு கொஞ்சம் தொட்டியில் ஓடி மறையும், விஷயம் அதோடு முடிந்துவிடும். சோற்றில் மறைக்க இது முழுப் பூசணிக்காய்கூட இல்லை, ஒரு நகக்கண் அளவுச் சீவல். தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. குழாயை மூடினாள். ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். அந்தப் பெண் ஒரு சுவரைக்கூட விட்டிருக்கவில்லை. சிவப்புக் கோடு விழுந்தபோது எட்டிப் பார்த்த தாளில், சீவலின் ஓரத்தில் கிழிந்திருந்த மூலையையும் வரைந்திருந்தது நினைவு வந்தது.

பேராசிரியை தன் அறையில் விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவரும் ஒரு காலத்தில் இவளிடம் ரம்பம் போட்டுத் திட்டு வாங்கியவர்தான். பதினேழாவது தன் தப்பு, வெட்டு சாய்ந்துவிட்டது என்று இவள் சொன்னதும், ஸ்லைடைக் கையில்கூட வாங்காமல் சிரித்தார்.

"சும்மா இருங்கக்கா. அந்தப் பொண்ணு அழுததும் மனசு எளகிடுச்சு உங்களுக்கு. அவளுக்காக நீங்க பழிய ஏத்துக்கறீங்களா? உங்க கைய எனக்குத் தெரியாதா?"

அவள் முந்தானைக்குள் வைத்திருந்த வலது கையை வெளியே எடுத்தாள். சிவப்புக் கோடு விழுந்த அந்த விடைத்தாளைத் தன் பக்கம் இழுத்து, அதன் மேல் கையை வைத்தாள். மூச்சை விட்டாள். விரலை அடக்கப் பார்க்கவில்லை. சத்தமில்லாத அந்த அறையில் தாள் மட்டும் சலசலக்கத் தொடங்கியது.