வீட்டு விலை

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அப்பாவைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று அண்ணன் சொன்னபோது, வழக்கம்போல் முதலில் ஒரு பட்டியல் போட்டேன். பிறப்பு, படிப்பு, தொழில், திருமணம், பிள்ளைகள், நோய், மறைவு என்று ஏழு வரிகள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் மொதப் பக்கத்துலயே போட்டாச்சு. வேற எதுனா எழுது" என்றான். ஆகவே அந்த ஏழு வரிகளைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். அப்பா வீட்டோடு இருந்த கடைசி மூன்று ஆண்டுகளில் எங்கள் வீட்டில் எதை வாங்கினோம், எப்படி வாங்கினோம் என்பதையே இங்கே எழுதுகிறேன். அப்பாவை நான் சரியாக அறிந்துகொண்டது அதன் வழியாகத்தான்.

அப்பா எலவனாசூர்கோட்டையில் விவசாயக் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டக் கற்றுக்கொண்டார். திருக்கோவிலூரிலிருந்து அம்மாவை மணமுடித்த பிறகு, டவுனை ஒட்டி இப்போதைய வீட்டைக் கட்டித் தனியாகத் தொழில் தொடங்கினார். கிணறுகளிலும் ஆழ்துளைப் போர்களிலும் பழுதான மோட்டாரை மேலே தூக்கி, சரிசெய்து, மறுபடி இறக்குவது அவருடைய வேலை. சின்னசேலம் பக்கத்துக் காடுகளிலிருந்து கல்வராயன் மலையில் வெள்ளிமலை வரை அப்பா கை வைக்காத மோட்டார் குறைவு. பாகப்பிரிவினையில் கிடைத்த முக்கால் ஏக்கர் கிணற்று நிலம் ஊரில் இருந்தது. அதிலிருந்து பெரிதாக எதுவும் வந்ததில்லை. ஆனாலும் அது அவருடைய அப்பா கையால் வெட்டிய கிணறு என்பதால், அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அப்பாவின் குரல் மாறும்.

காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்தால் பொழுது சாயும்போதுதான் வருவார். வரும்போது ஹேண்டில் பாரில் ஒரு பை தொங்கும். எங்கள் வீட்டுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பையில்தான் வந்தது. அரிசி, பருப்பு, காய்கறி, அம்மாவின் தலைவலித் தைலம், எனக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாமே. தீபாவளித் துணிக்குத் தவிர அம்மா கடைவீதிக்குப் போனதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வெளியே இருப்பவர் வாங்கி வருகிறார், வீட்டில் இருப்பவர் குறை சொல்கிறார் என்று அது தானாக அமைந்துவிட்டது.

பையை வாங்கிக் கீழே வைத்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி மாறியதே இல்லை.

"கத்திரிக்கா இன்னா வெல?"

"இருவது."

"இருவது ரூபா குடுத்து பூச்சியா வாங்கினு வந்துக்கிறீங்க? கண்ண எங்க வெச்சிக்கினு வாங்கினீங்க?"

"பூச்சி திங்கற காய்தான் மருந்து அடிக்காத காயி. எடுத்து உள்ள வெய்."

அம்மா திட்டினாலும் விலை விஷயத்தில் அப்பாவை விஞ்ச ஆளில்லை என்பது எங்கள் தெருவே ஒப்புக்கொண்ட செய்தி. பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் அம்மாவிடம், "அண்ணன் எங்கதான் போயி வாங்கறாரோ. எனுக்கு அந்த வெலைக்கு ஒருத்தனும் குடுக்க மாட்டேங்கறான் அண்ணி" என்று சொல்லி, தன் பையையும் அப்பாவிடம் கொடுத்தனுப்பத் தொடங்கினார். அப்பா ஆறு மாதம் இரண்டு பைகளோடு வந்தார். பிறகு திடீரென்று, "நா இப்பல்லாம் அந்தப் பக்கம் போறதில்லம்மா" என்று அத்தையிடம் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காரணம் எங்களுக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

சர்க்கரை நோய் அப்பாவின் சிறுநீரகங்களைப் பாதித்தது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்ய வேண்டும், இனிமேல் பாரம் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொன்னார். சங்கிலியும் கப்பியும் பின்கட்டுக்குப் போயின. நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைத்ததும் விடுதியைக் காலிசெய்துவிட்டு வந்தேன். அண்ணன் ஓசூரில் வேலையில் இருந்தான். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பகல் முழுதும் அம்மா மட்டும் இருந்த வீட்டில் இப்போது மூன்று பேர் இருந்தோம்.

முதல் இரண்டு மாதங்களில் நான் கவனித்தவை: பெட்ரோல் செலவு நின்றது. செருப்பு தேயவில்லை. சட்டைகளை இஸ்திரிக்குப் போடுவது நின்றது. வெளியே ஐந்து டீ குடித்தவர் வீட்டில் ஐந்து டீ கேட்டார். சர்க்கரை இல்லாமல், அதுவும் அரை டம்ளர்தான். நாங்களும் கூடச் சேர்ந்து குடித்ததில் பால் இரட்டிப்பாயிற்று. கேஸ் சிலிண்டர் முன்னதாகவே தீர்ந்தது. கரண்ட் பில்லைப் பார்த்து அம்மா என் கம்ப்யூட்டரைக் குற்றம் சொன்னார். டிவியைச் சொல்லவில்லை.

நான் எதிர்பார்க்காதது ஒன்று உண்டு. தினமும் ஏதாவது வாங்கிப் பழகிய மனிதரால் வாங்காமல் இருக்க முடியவில்லை. வாசல் கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒலிபெருக்கி வைத்த வண்டி எது போனாலும் அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். பூண்டு வண்டி, உப்பு வண்டி, பாய் வண்டி, பழைய இரும்புக்குப் பிளாஸ்டிக் கொடுக்கும் வண்டி. ஒரே மாதத்தில் மூன்று மக்கு, இரண்டு கால்மிதி, நான்கு துடைப்பம், ஒரு கொசுவலை வந்து சேர்ந்தன.

"வூட்ட இன்னா கடையாக்கறீங்களா? நாலு தொடப்பத்த வெச்சிக்கினு நா இன்னா, தெருவயா பெருக்கட்டும்?" என்று அம்மா கேட்டார்.

"அவன் வெயில்ல கத்திக்கினு போறான். ஒண்ணு வாங்கினா இன்னா கொறஞ்சிடும்?"

"இன்னா வெல?"

"முப்பது."

எனக்கு வரும் பார்சல்களையும் அப்பா விடுவதில்லை. "இன்னா பாப்பா, எவ்ளோ?" என்பார். நான் ஒரு தொகையைச் சொல்வேன். அது பெட்டி மேல் ஒட்டியிருக்கும் தொகையாக இருந்ததில்லை. அந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

பை மட்டும் அம்மாவின் கைக்குப் போயிற்று. முதல் நாள் காய்கறிக் கடையிலிருந்து முகம் சிவந்து திரும்பினார். கத்திரிக்காய் முப்பத்தைந்துக்குக் குறைந்து தரமாட்டேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். புது ஆள் என்று ஏமாற்றுகிறார்கள் என்பது அம்மாவின் முடிவு. மறுவாரம் நான் ஸ்கூட்டரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு, அப்பா வழக்கமாக வாங்கும் மலையடிவாரச் சந்தைக்கே போனேன். அங்கேயும் முப்பத்தைந்துதான். ஒரு கடை விடாமல் கேட்டோம். புளியும் சாமையும் பலாப்பழமும் வைத்திருந்த மலைக்கார அம்மா ஒருவர் எங்கள் கையிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பை அப்பாவின் பை. அடியில் மோட்டார் கிரீஸ் கறை இருக்கும்.

"மோட்டார் அண்ணன் வூட்டு அண்ணியா?"

அம்மா ஆமென்று சொல்லிவிட்டு, "அவுருக்கு மட்டும் எல்லாம் கம்மியா குடுப்பீங்களாமே" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "அண்ணனா? அவுரு வெலயே பேச மாட்டாரு அண்ணி. சொன்னத குடுத்துட்டுப் போவாரு. 'வூட்டுல கம்மியாத்தான் சொல்லுவேன், என்னிக்குனா எங்க வூட்டம்மா வந்தா காட்டிக் குடுத்துடாத'ன்னுவாரு. நா இன்னா, இப்பிடி ஒளறிட்டேன்."

மோட்டார் இறக்கிய இடங்களில் எல்லாம் விளைவிக்கிறவர்கள் படும் பாட்டைப் பார்த்தவர் அப்பா. அவர்களிடம் பேரம் பேச அவருக்கு வாய் வராது. பேரம் பேசாமல் வாங்கினேன் என்று வீட்டில் சொல்லவும் வாய் வராது. பக்கத்து வீட்டு அத்தைக்கு ஆறு மாதம் கைநஷ்டத்தில் காய்கறி வாங்கிக் கொடுத்தார் என்பது சந்தை நடுவில் நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

கத்திரிக்காயை முப்பத்தைந்துக்கே வாங்கிக்கொண்டு திரும்பினோம். வீட்டில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பையைப் பார்த்ததும், இத்தனை ஆண்டுகளாக அம்மா கேட்ட கேள்வியை அவர் கேட்டார்.

"கத்திரிக்கா இன்னா வெல?"

அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "இருவது" என்றார்.

அப்பா பைக்குள் கையை விட்டு ஒரு காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பரவால்லியே" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பொருளுக்கும் இரண்டு விலை. கடை விலை ஒன்று, வீட்டு விலை ஒன்று. என் தொழிலில் வரவேண்டியது ஒன்றாகவும் வந்தது வேறொன்றாகவும் இருந்தால் அதைப் பிழை என்று பதிவு செய்வோம். இதை நான் பதிவு செய்யவில்லை.

இந்த ஏற்பாடு கத்திரிக்காயோடு நின்றிருந்தால் எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது. டயாலிசிஸ் தொடங்கிய முதல் வாரமே அப்பா எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்: "காப்பீட்டு அட்டையில நடக்கற வரைக்கும் நடக்கட்டும். உங்க கைய மீறிப் போச்சின்னா நா நிறுத்திடுவேன். எனுக்காக அந்த நெலத்துல கைய வெச்சீங்க, அன்னியோட ஆஸ்பத்திரி வாசல மிதிக்க மாட்டேன்." அவர் சொன்னால் செய்வார். அட்டையில் டயாலிசிஸ் நடந்தது. ரத்தம் ஊறுவதற்குப் போடும் ஊசியும், கார் வாடகையும், மூச்சுத்திணறி உள்நோயாளியாகச் சேர்த்த நாட்களும் வெளிச்செலவு. என் சம்பளமும் அண்ணன் சம்பளமும் சேர்ந்து மாதக் கடைசி வரை வரவில்லை. அந்த ஊசியின் உண்மையான விலை தெரிந்தால் அப்பா நிறுத்திவிடுவார் என்பது எங்களுக்குத் தெரியும். நிறுத்தினால் எத்தனை நாள் என்பதையும் மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அப்பா கேட்பார்: "ஊசி இன்னா வெல?"

"நானூறு" என்பார் அம்மா. உண்மை விலை அதைப்போல் மூன்று பங்கு.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இப்படியே நடந்தது. ஒருநாள் அம்மாவின் கையைப் பார்த்து அப்பா, "வளையல் எங்க?" என்றார்.

"கை வீங்கினு இருக்குது. கழட்டி வெச்சிருக்கேன்."

"எந்தக் கடையில கழட்டி வெச்ச?"

அம்மா டீ போடப் போனார். அப்பாவும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வண்டிகளை நிறுத்துவதை விட்டுவிட்டார். பூண்டு வண்டிக்காரர் தானாகவே நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மறைவதற்கு எட்டு மாதங்களுக்கு முன் ஒரு டயாலிசிஸ் நாளில், அம்மா குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். மைக்கை அணைத்துவிட்டுப் போனேன்.

"பாப்பா, நீ படிச்ச பொண்ணு. பொய் சொல்ல மாட்ட. அந்த ஊசி நெஜமா இன்னா வெல?"

பதில் என்னிடம் இருந்தது. கடைசியாக வாங்கிய ரசீது என் போனிலேயே இருந்தது. அவர் கேட்டது விலை அல்ல, போகட்டுமா வேண்டாமா என்பது என்றும் எனக்குத் தெரிந்தது. ஏற்கெனவே சட்டை போட்டுத் தயாராக இருந்தார். ஆனால் செருப்பைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"முந்நூத்தி எம்பது" என்றேன்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்.

"உங்கம்மா நானூறுன்றா. நீ அதவிட இருவது ரூபா கம்மி. ரெண்டு பேரும் பொய் சொல்றதுன்னா மொதல்லயே பேசி வெச்சிக்கக் கூடாதா?"

அப்பா செருப்பைக் காலால் இழுத்து மாட்டிக்கொண்டார்.

"சரி, காருக்குச் சொல்லு. நேரமாவுது."

அதற்குப் பிறகு அப்பா ஊசியின் விலையைக் கேட்கவே இல்லை. ஒரு டயாலிசிஸ் நாளைக்கூடத் தவறவிடவும் இல்லை. அந்த எட்டு மாதங்களில் அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்பா அதை மடியில் வைத்திருந்தார். கடைசியில் நெஞ்சுவலி வந்து, ஒரு காலைப் பொழுதில் சிகிச்சைக்கு அவகாசமில்லாமல் சட்டென்று முடிந்துவிட்டது. முக்கால் ஏக்கர் அப்படியே இருக்கிறது. இந்த ஆண்டு அண்ணன் அதில் மரவள்ளி வைத்திருக்கிறான். கிணற்று மோட்டார் ஓடுகிறது. அதில் இருப்பது அப்பா கட்டிய காயில்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். டயாலிசிஸ் பிரிவில் அப்பாவை "மாமா" என்று அழைத்துக் கிண்டல் செய்தே ஊசி குத்திய செவிலியர்கள். வெயிட்டிங் கட்டணம் கேட்காமல் நான்கு மணி நேரம் வாசலில் காத்திருந்த கார் ஓட்டுநர். ஈமக்காரியம் முடியும்வரை எங்கள் வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்த பக்கத்து வீட்டு அத்தை. பழைய காய்கறி விவரத்தைச் சொன்னபோது அவர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தார். செய்தி கேள்விப்பட்டுப் பதினாறாம் நாள் மலையிலிருந்து பஸ் ஏறி, பலாப்பழத்தோடு வந்த அந்த மலைக்கார அம்மா. பழத்துக்கு என்ன விலை என்று அம்மா கேட்க, "அண்ணன் சொல்ற வெலதான்" என்று சொல்லிவிட்டு காசு வாங்காமல் போனார். ஊரிலிருந்து வந்து உடனிருந்த சித்தப்பா, பெரியப்பா குடும்பத்தார், இம்மலரைக் கையில் வாங்கும் உறவினர், நண்பர் அனைவருக்கும் எங்கள் வணக்கம்.

கடைசிப் பத்தி நீங்கலாக, இந்தக் கட்டுரை முழுவதையும் அம்மாவிடம் படித்துக் காட்டி ஒப்புதல் பெற்றிருக்கிறேன்.

இந்த மலரை அச்சடிக்க எவ்வளவு ஆயிற்று என்று அம்மா கேட்டார். சொன்னேன். "பரவால்லியே" என்றார். அண்ணனிடமும் கேட்டிருக்கிறார். அவனும் அதே தொகையைத்தான் சொன்னான். இந்த முறை நாங்கள் முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம்.