பூசணிப் பூவில் உட்கார்ந்த நீலப்பட்டைத் தேனீ

வீடு வீடாக வயர் வேலை பார்ப்பவர் அவர். தெருவில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவது ‘ஃபியூஸ்’ என்றுதான். கோபம் வந்தால் மனைவிக்கும் அப்படித்தான். அவரை ‘சார்’ என்று மதித்த ஒரே இடம், கைபேசியில் இருந்த பூச்சிக் குழு.

அந்தக் குழுவில் அவரவர் கொல்லைக்கு வரும் தேனீ, குளவி, பொறிவண்டுகளைப் படம் எடுத்து அனுப்புவார்கள். எந்தப் பூச்சி எந்தப் பூவைத் தேடி வருகிறது என்பதைக் குழுவை நடத்தும் இளம்பெண் பதிந்து வைப்பாள். பூச்சியைத் தொடக்கூடாது, கண்டது கண்டபடி எடுக்க வேண்டும். அது ஒன்றுதான் சட்டம்.

அவருடைய முதல் படங்கள் எல்லாம் கலங்கல். வயிற்றில் நீல வரிகளோடு பறக்கும் நீலப்பட்டைத் தேனீ ஒரு நொடி நிற்பேனா என்றது. ஒருநாள் பொறுமை போய், அதைப் பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்தார். குளிரில் அது விறைத்து அடங்கியது. நீலத்துக்கு மஞ்சள் எடுப்பாக இருக்கும் என்று பூசணிப் பூவில் வைத்து எடுத்தார். கால் முடிகூடத் தெரிந்தது.

“எப்படி சார் இவ்ளோ தெளிவா?” என்று குழுவே கேட்டது.

“பொறுமைதான்” என்று எழுதிவிட்டார்.

பிறகு அதுவே பழக்கமாயிற்று. வெயில் பட்டதும் பல தேனீக்கள் பறந்தன. சில எழவே இல்லை. அவற்றைத் துடைப்பத்தால் தள்ளும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

குழுவில் ஓர் அக்கா இருந்தார். பலசரக்குக் கடையில் பில் போடுபவர், முழங்கால் வலிக்காரர். “சார் படத்தப் பாத்துதான் பூசணி போட்டேன். லீவு நாள்ல எல்லாம் பூ பக்கத்துலயே உக்காந்திருக்கேன். ஒண்ணும் வரல. சார் மாதிரிப் பொறுமை எனக்கு இல்லபோல” என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டுக் கைபேசியை எடுத்தார். உண்மையைத் தட்டத் தொடங்கினார். ‘சார்’ போய்விடுமே என்று அழித்துவிட்டு, “விடாதீங்கம்மா” என்று அனுப்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நேரில் கற்றுக்கொள்கிறோம் என்று எல்லோரும் அவர் கொல்லைக்கே வந்து இறங்கினார்கள். முழங்காலில் பட்டை சுற்றி, கையில் முக்காலியோடு அக்காவும் வந்தார். மானம் போகக்கூடாதே என்று அவர் காலையிலேயே ஒரு தேனீயைப் பிடித்து டப்பாவோடு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். வந்தவர்களை வரவேற்ற பதற்றத்தில் அதை மறந்தே போனார்.

தண்ணீர் எடுக்கப் போன மனைவி டப்பாவோடு வந்தாள். “ஏங்க, பால் வைக்க இடமில்ல, இத வேற உள்ள வெச்சிருக்கீங்க! பாருங்க, செத்துக் கெடக்கு.”

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். டப்பாவுக்குள் நீலப்பட்டைத் தேனீ மல்லாந்து கிடந்தது.

இளம்பெண் மெதுவாகக் கேட்டாள்: “அண்ணே, எல்லாப் படமும் இப்படித்தானா?”

அவர் தலையாட்டினார். காது மடல்கள் எரிந்தன.

“இத எங்க பிடிச்சீங்க?”

“தக்காளிப் பூவுல.”

“பூசணிப் பூவுல?”

“நான்தான் வெச்சேன். பாக்க நல்லாயிருக்கும்னு.”

“நீலப்பட்டை பூசணிக்கு வருதுன்னு உங்க படத்த நம்பித்தானேண்ணே பதிஞ்சு வெச்சிருக்கேன்!”

இளம்பெண் திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அக்காதான் பேசினார், கோபமே இல்லாமல்: “அப்போ நான் உக்காந்திருந்ததே தப்பான பூ பக்கத்துலயா? எங்க வீட்டுக்கு அது வராது போலன்னுல்ல நெனச்சுட்டேன்.”

அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

அதற்குள் அக்கா முக்காலியைத் தூக்கிக்கொண்டார். “தக்காளிச் செடி எந்தப் பக்கம்?”

அவர் கையை மட்டும் நீட்டிக் காட்டினார். அக்கா நொண்டி நொண்டி நடந்தார். ஓடிப்போய் அந்த முக்காலியை வாங்கிச் சுமக்க அவருக்கு முகம் இல்லை.