செல்வமண்ணையின் மூக்கும் பேச்சுக் கூடாரமும்

பியர் வடிக்கிறவனுக்குக் கால் முறிந்தாலும் பிழைப்பு ஓடும், மூக்கு போனால் ஓடாது. தொழிலைச் செய்வது போதாதென்று அதைப்பற்றி மேடையேறிக் கதைக்கவும் இழுபட்டவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. மொன்றியலில் கோடை வந்தால் பியர் விழா வரும். விழா வந்தால் ஒரு மூலையில் கூடாரம் போட்டு, கதிரை அடுக்கி, ‘உரையும் விவாதமும்’ என்று பலகை வைத்துவிடுவார்கள். வெளியே சனம் குடிக்கும். உள்ளே நாங்கள் குடியைப் பற்றித் தொண்டை காயக் கதைத்துக்கொண்டிருப்போம்.

நாங்கள் என்றால் நானும் செல்வமண்ணையும். பார்க் எக்ஸ்டென்ஷனில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், பழைய தையல் தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில் எங்கள் சின்ன வடிசாலை இருக்கிறது. செல்வமண்ணை அகதியாக வந்து, ஒரு பியர்க் கொம்பனியில் பியர் நொதிக்கிற தாங்கி கழுவப் போய், மணந்தே பிழை பிடிக்கிற மூக்கினால் வடிக்கிறவராக உயர்ந்தவர். அவருக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். பிரெஞ்சு மட்டும் அவருக்குக் கேட்டால் விளங்கும், வாயில் வராது. நான் இங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். ஆகவே மேடையில் அவர் தமிழில் சொல்வார், நான் பிரெஞ்சில் சொல்வேன்.

ஏலக்காய்

எங்கள் முதல் உரை உள்ளூர் வாற்கோதுமையைப் பற்றியது. செல்வமண்ணை அதற்காக வாரக்கணக்கில் தயார்படுத்தியிருந்தார். பனி உருகும் காலத்தில் தண்ணீரின் ருசி எப்படி மாறுகிறது, இந்த மாகாணத்துத் தானியம் வெந்நீரில் எப்படி நடந்துகொள்கிறது என்றெல்லாம் விளக்கினார். நடத்துநர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, உங்கள் பியரில் என்னென்ன வாசனைச் சரக்குப் போடுகிறீர்கள் என்று கேட்டார். “மோல்ட், ஹொப்ஸ், ஈஸ்ட், தண்ணி. வேற ஒண்டும் இல்லையெண்டு சொல்லு” என்றார் அண்ணை. சொன்னேன். கூடாரத்தில் எல்லார் முகமும் சுருங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்த பெண்மணி கையை உயர்த்தினார். கேலியே இல்லை, உண்மையாகவே எங்களுக்காக வருத்தப்பட்டுக் கேட்டார்:

“ஏலக்காய்கூட இல்லையா? அப்படியென்றால் உங்களை ஏன் கூப்பிட்டார்கள்?”

திருநீறு

எங்கள் ஆட்களிடம் இந்தத் தொழிலைச் சொல்லிக்கொள்ள முடியாது. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் யார் விசாரித்தாலும் என் அம்மா, “மகன் சாப்பாட்டுக் கொம்பனியில நிக்கிறான்” என்றுதான் சொல்வார். பெற்ற மனம், அதற்குமேல் பொய் சொல்லவும் வராது.

ஒரு வருடம் உரை தொடங்குமுன் செல்வமண்ணை மேசையில் குனிந்து கிளாஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, “பின்னுக்குத் திருநீறு மணக்குது. சந்தனமும் கிடக்கு. ஆரோ எங்கட ஆள்” என்றார். சுற்றிலும் அத்தனை பியர் மணம். திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக, கோயிலில் எங்களைக் கண்டால் குடியின் கேட்டைப் பற்றிப் பிரசங்கம் வைக்கிற மாமா ஒருவர் இருந்தார். நேரே பூசை முடிந்து வந்திருக்கிறார். உரை முடிந்ததும் மெல்ல என் பக்கத்தில் வந்து, எங்கேயோ பார்த்தபடி சொன்னார்:

“தம்பி, நான் இஞ்ச வந்ததை நீ காணேல்லை, உன்னை நானும் காணேல்லை. அந்தக் கறுப்புப் பியர் எந்தப் பக்கம் குடுக்கினம்?”

வெண்ணெய்

பிறகு ஒரு மாரியில், ஊரெல்லாம் வந்த அந்தக் காய்ச்சல் செல்வமண்ணைக்கும் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. மணம் திரும்பி வரவில்லை. அது எனக்குத் தெரியவந்தது இப்படித்தான். எங்கள் தொழிலில் காலையில் தேநீருக்கும் முந்திய வேலை, ஒவ்வொரு தாங்கியிலும் கொஞ்சம் பிடித்து மணந்து பார்ப்பது. பியர் நொதித்து முடிகிறபோது அதில் ஒரு வெண்ணெய் மணம் நிற்கும். பொறுத்திருந்தால் ஈஸ்ட் அதைத் தின்றுவிடும். அவசரப்பட்டுக் குளிராக்கினால் அந்த மணம் அப்படியே தங்கி, முழுத் தாங்கியும் பழுதாகிவிடும்.

அன்றைக்குக் கிளாஸில் வெண்ணெய் மணம் ஆளைத் தள்ளியது. செல்வமண்ணை மூக்கை உள்ளே விட்டு, வழக்கம்போலக் கண்ணை மூடி, “சரி, குளிராக்கு” என்றார். என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மோல்ட் தானிய மூட்டைமேல் இருந்துகொண்டு, வரலாம் வராமலும் போகலாம் என்று டொக்டர் சொன்னதைச் சொன்னார். ஒருவருக்கும் சொல்லாதே என்றார். எனக்கு அழுகை வந்தது. கழுவி வைத்திருந்த வாளியை எடுத்துக்கொண்டுபோய் மறுபடியும் கழுவினேன். பின்னேரம் அவருடைய மனைவி ரஞ்சியக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். அவருக்கு எனக்கு முந்தியே தெரிந்திருக்கிறது:

“போன கிழமை பால் கருகி வீடு முழுக்கப் புகை தம்பி. மனுசன் அடுப்புக்குப் பக்கத்தில இருந்து பேப்பர் வாசிக்குது.”

மூக்கா, கருவியா?

அந்தக் கோடையில் விவாதத்தின் தலைப்பே அதுதான், பியரில் பிழை பிடிக்க மூக்கு நல்லதா, மணம் அளக்கிற கருவி நல்லதா என்று. மூக்கின் பக்கம் பேசச் செல்வமண்ணையைக் காய்ச்சலுக்கு முந்தியே விழாக்காரர் கேட்டிருந்தார்கள், அவரும் ஓம் என்றிருந்தார். சுகமில்லை என்று சொல்லிவிடுவோமே என்றேன். “போகாட்டித்தான் சந்தேகப்படுவினம். சந்தேகம் வந்தா, எங்கட பியரை ஆர் வாங்குவினம்?” என்றார்.

கருவியின் பக்கம் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற ஓர் இளம்பெண். கருவிக்குச் சளி தடிமன் வராது என்று அவள் சொன்னபோது கூடாரம் சிரித்தது. நான் அண்ணையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் எழுந்து கதைத்த கதையைப்போல ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் மொழிபெயர்த்ததில்லை. “கருவி என்ன கிடக்கெண்டு சொல்லும். என்ன காணேல்லையெண்டு மூக்குத்தான் சொல்லும்” என்றார். இல்லாத ஒன்றுக்காக அவர் வாதாடுகிறார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கைதட்டல் அடங்கியதும் நடத்துநர், சொல்லாமல் கொள்ளாமல், இரண்டு கிளாஸ்களை அவர் முன்னால் வைத்தார். ஒன்று பழுதானது, எதுவென்று சொல்லுங்கள் என்றார்.

செல்வமண்ணை ஒன்றை மணந்தார். மற்றதை மணந்தார். பிறகு மைக்கைப் பிடித்து, விரிவுரை செய்கிற அதே கம்பீரத்தோடு தமிழில் சொன்னார்: “ரமணன், எனக்கு ஒண்டும் தெரியேல்லை. ரெண்டும் தண்ணி மாதிரிக் கிடக்கு. நீ மணந்து பார்த்துச் சொல்லு.” நான் கிளாஸ்களை நகர்த்துகிற சாட்டில் குனிந்து மணந்தேன். இரண்டாவது வெயிலில் கிடந்து பழுதானது, முதலாவது சுத்தம் என்கிறார் என்று பிரெஞ்சில் சொன்னேன். சரியான விடை. கூடாரமே எழுந்து தட்டியது. அந்த இளம்பெண் வந்து அவருக்குக் கை கொடுத்தாள்.

வெளியே வந்தால், ஒரு தமிழ்ப் பெண் எங்களுக்காகக் காத்து நின்றாள். கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஆசுபத்திரி ஒன்றில் வேலை. கூட வேலை செய்கிறவர்களோடு விழா பார்க்க வந்தவள், கூடாரத்துக்குள் இருந்திருக்கிறாள். அண்ணை சொன்னதும் நான் சொன்னதும் அவளுக்கு விளங்கியிருக்கிறது. அவள் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்:

“எனக்கும் இப்பிடித்தான் அண்ணை, ஆசுபத்திரி வாட்டில வேலை செய்யேக்க அந்தக் காய்ச்சல் பிடிச்சு மணம் போட்டுது. பிள்ளை அதுக்குப் பிறகுதான் பிறந்தது. அதின்ர தலை என்ன மணமெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது.”

கை குலுக்கல்

அடுத்த வருடமும் அழைப்பு வந்தது. போனோம். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு புத்தி சொல்லுங்கள் என்று நடத்துநர் கேட்டார். நான் வழக்கம்போலக் காதைக் கொடுத்தேன். அண்ணை என் மைக்கைக் கையால் விலக்கிவிட்டு, தன் உடைந்த பிரெஞ்சில் தானே சொன்னார். எனக்கு மணம் இல்லை. கனகாலமாக இல்லை. எங்கள் பியரை இவன் மணக்கிறான். போன வருடம் இங்கேயும் இவன்தான்.

ஒருவரும் தட்டவில்லை. பின்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். வருடா வருடம் அவரை நடுவராகக் கூப்பிடுகிற பியர்ப் போட்டி நடத்துகிறவர்கள் பிறகு கூப்பிடவில்லை. அதில் குறை சொல்லவும் முடியாது, மூக்கில்லாத நடுவரை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் அன்று என்னைச் சுட்டது வேறு ஒன்று. அந்த ஆய்வுகூடப் பெண் மேடையடிக்கு வந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்:

“அப்போது நான் யாருக்குக் கை கொடுத்தேன்?”

என்ன மணக்கிறது?

செல்வமண்ணை இப்போது தாங்கிகளைத் தொடுவதில்லை. அவரே ஒருநாள் மணக்கிற கிளாஸை என் கையில் தந்துவிட்டார். விழாவில் எங்கள் கடையின் முன்னால் நின்று பியர் வார்த்துக் கொடுக்கிறார். ஒவ்வொருவரிடமும் கிளாஸைக் கொடுத்து, என்ன மணக்கிறது என்று கேட்பார். சனம் இதை வியாபாரத் தந்திரம் என்று நினைக்கிறது. நல்ல மணம் என்று சொல்லித் தப்பப் பார்க்கும். அவர் விடமாட்டார், காத்து நிற்பார். மறுபடியும் மணந்துதான் ஆகவேண்டும்.

போன கோடையில் ஒரு முதியவர் வந்தார், முன்பு பண்ணை வைத்திருந்தவராம். எங்கள் வெளிர்பியரை நெடுநேரம் மணந்தார். செல்வமண்ணை வருடக்கணக்காக மாற்றி மாற்றி வடித்துச் சரிக்கட்டிய பியர் அது. மழை விட்டபிறகு வைக்கோலைப் பிரித்தால் வருகிற மணம் என்றார் முதியவர். கொஞ்சம் தோடம்பழத் தோல். கடைசியில் அடுப்பிலிருந்து எடுத்த சூட்டுப் பாணின் கருகல் ஓரம். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அண்ணை வேண்டாம் என்று கை காட்டினார். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

“ஓம். அப்பிடித்தான் இருந்தது.”

நண்பர்களே, எங்கள் தொழிலில் மூக்கு போனவனுக்கு மேடை போகும், மூக்கு இருக்கிறவனுக்கோ ஒவ்வொரு காலையும் இரண்டு பேருக்குச் சேர்த்து மணக்கிற வேலை வரும்.