பள்ளத்தில் எறிந்த ஆரஞ்சு

"பள்ளத்தப் பாக்க யாராச்சும் துட்டு குடுத்துப் போவாங்களா, கிறுக்கி?" என்று போன மாதம் அப்பா கேட்டார். ஆந்திராவில் கண்டிக்கோட்டையில் ஆறு பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது, தங்கச்சி செல்வியைக் கூட்டிப்போய்ப் பார்க்கப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

இன்று அலுவலகத்தில் அதற்கு ரயில் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேஜையில் ஒருவர் கமலா ஆரஞ்சு உரித்தார். அந்த வாசனை என்னைச் சின்ன வயதுக்கு, கொடைக்கானல் மலையில் எங்கள் பேத்துப்பாறை ரோட்டு வளைவில் கொண்டுபோய் நிறுத்தியது.

அங்கே வண்டியை நிறுத்தும் டூரிஸ்டுகளுக்கு அப்பா கூடையில் ஆரஞ்சு விற்பார். "கீழ பள்ளத்துல எறிஞ்சு பாருங்க சார், எம் புள்ளைக கொரங்கு மாதிரி எறங்கி எடுத்துட்டு வரும்" என்பார். அவர்கள் எறிவார்கள். நானும் செல்வியும் சரிவில் ஓடுவோம். கொண்டுவந்த பழத்தை அப்பா வேட்டியில் துடைத்து, கூடையில் போட்டு, அடுத்த வண்டிக்கு விற்பார். எங்களுக்கு ஒரு சுளைகூடக் கிடைத்ததில்லை.

ஒரு மழை நாளில் செல்வி வழுக்கி உருண்டாள். மேலே நின்ற டூரிஸ்டுகள் கைதட்டினார்கள். கணுக்கால் முறிந்து ஊர்ந்து ஏறி வந்தவள் பழத்தை விடாமல் பிடித்திருந்தாள். அப்பா முதலில் அதைத்தான் வாங்கித் துடைத்தார். அவள் இன்றைக்கும் நொண்டித்தான் நடக்கிறாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது சம்பளம் என் கையில்.

மத்தியானம் அப்பா போனில் கூப்பிட்டார். "செல்வி அந்த எடத்துப் படத்தக் காட்டுனா. எனக்கும் ஒரு டிக்கெட்டு போடு தாயி."

"நீங்க பாக்காத பள்ளமாப்பா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தேன்.

செல்விக்கு ஜன்னலோரம், எனக்கு அவள் பக்கத்தில். இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று.