போடிக் கடைத்தெருவுக்குள் நுழைய இரண்டணா

போன தை மாதம் நானும் என் வீட்டுக்காரரும் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்குப் போய்வந்தோம். என் நாத்தனார் நாகம்மாளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறது. உலக யுத்த காலத்தில் பெயர்த்தெடுத்த தண்டவாளத்தை மறுபடி போட்டு ரயிலும் விட்டாயிற்று. "இன்னும் என்ன சாக்கு சொல்லப் போறீக?" என்று நாகம்மாள் மதினி எழுதிக் கேட்டபிறகு கிளம்பாமல் இருக்க முடியவில்லை.

மதுரையிலிருந்து ஐம்பத்தாறு மைல். தேனி தாண்டியதும் மலை எதிரே வந்து நின்றுகொள்கிறது. அப்புறம் புத்தகத்தைப் பிரிக்கத் தோன்றாது. ஆனால் ஸ்டேஷனில் இறங்கிக் குதிரை வண்டி ஏறினோமே, அங்கேதான் பயணம் நின்றது. ஏலக்காய் பருவம். கடைத்தெருவில் லாரி, ஜீப்பு, மாட்டு வண்டி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடந்தன. எங்கள் குதிரை முன்னால் நின்ற வண்டியின் வைக்கோலை நிதானமாகத் தின்று முடித்தது.

மதினியின் புருஷர் பெருமாள் அண்ணனுக்கு அந்தத் தெருவில்தான் ஏலக்காய் மண்டி. சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார். அன்று இலையில் உட்கார்ந்ததுமே விஷயத்தை ஆரம்பித்துவிட்டார். கடைத்தெருவுக்குள் வரும் வண்டிகளுக்குக் கட்டணம் போட வேண்டுமாம். மாட்டு வண்டிக்கு ஓரணா, ஜீப்புக்கு இரண்டணா, லாரிக்கு நாலணா. "காசு கேட்டாத்தான் வேண்டாத வண்டி உள்ள வராது. வெள்ளிக்கிழமை வியாபாரிக கூட்டத்துல நான்தான் பேசப்போறேன்" என்றார். மதினி அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டே எங்களைப் பார்த்து, "ஒரு வாரமா இதே பாட்டுத்தான்" என்றார்.

மறுநாள் விடியற்காலையில் அண்ணன் சரக்கெடுக்கப் போடிமெட்டுக்குக் கிளம்பினார். எங்களையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். ஓட்டியவர் சுருளி, ராசிங்காபுரத்துக்காரர். வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் அண்ணனுக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டது.

"அண்ணே, நான் என்ன வேடிக்கை பாக்கவா கடைத்தெருவுக்குள்ள வர்றேன்? ஒங்க மூட்டைய எறக்கத்தான வர்றேன்?"

"அந்த ரெண்டணாவ வாடகையில சேத்துக்க."

"சேத்தா நீங்க குடுத்திருவீகளாக்கும்!"

பதினாறு மைல் மலைப்பாதை முழுக்க இதே வழக்கு. கொண்டை ஊசி வளைவு வந்தால் மட்டும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்; வளைந்ததும் விட்ட இடத்தில் தொடங்கினார்கள். எனக்கு அதைக் கேட்டபடியே பள்ளத்தாக்கைப் பார்ப்பது சுகமாக இருந்தது. கீழே சிலமலைப் பக்கத்து வயல்கள் பச்சையும் மஞ்சளுமாக விரிந்து கிடந்தன. மேலே ஏற ஏறக் காற்றில் ஏலக்காய் வாசம்.

போடிமெட்டு திருவிதாங்கூர்-கொச்சி எல்லை. டீக்கடையில் பாதி தமிழ், பாதி மலையாளம். குளிருக்கு இரண்டாவது டீ சொன்னபோதுதான் ஓர் ஆள் ஓடிவந்தார். எஸ்டேட்டில் வேலை செய்பவர். அவர் மனைவி செல்லக்கிளிக்கு முதல் நாள் மாலையே வலி எடுத்திருக்கிறது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் உண்டு என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாராம்.

ஜீப்பில் அதற்குள் ஏழெட்டு மூட்டை ஏற்றியிருந்தார்கள். பெருமாள் அண்ணன் தாமே முதல் மூட்டையைக் கீழே தள்ளினார். "சரக்கு நாளைக்கு வரும். புள்ளைய ஏத்துங்கப்பா, வெரசா!"

செல்லக்கிளியின் தலை என் மடியில். வளைவுக்கு வளைவு அவள் என் கையை இறுக்கினாள். "அக்கா, வந்திருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "இந்தா, வந்திருச்சு" என்று நானும் பொய் சொல்லிக்கொண்டே வந்தேன். சுருளி அவ்வளவு வேகத்திலும் ஒரு குழியில்கூட வண்டியை விடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகக் கடைத்தெருவைத் தாண்டியாக வேண்டும். தெருமுனையில் ஜீப்பு நின்றுவிட்டது. முன்னால் இருபது வண்டிக்குக் குறையாது. ஹாரன் அடித்துப் பயனில்லை. பெருமாள் அண்ணன் குதித்து ஓடினார். பின்னாலேயே என் வீட்டுக்காரரும் ஓடினார். நடுத்தெருவில் ஒரு லாரி குறுக்கே நிற்க, டிரைவர் சாப்பிடப் போயிருந்தாராம். லாரி நின்றது அண்ணனுடைய மண்டி வாசலில். இறங்கிய சரக்கும் அவருடையது. பாதித் தெருவை அடைத்துக் கிடந்த மூட்டைகளும் அவருடையவை.

அவர் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது. கடை ஆட்கள் மூட்டைகளை உள்ளே வீசினார்கள். நாலு பேர் லாரியை ஓரமாகத் தள்ளினார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற சிலமலை வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். செல்லக்கிளியின் முகத்தைக் கண்டதும் மாடுகளை அவிழ்த்துவிட்டு, "பிடிங்கப்பா!" என்று நுகத்தடியில் தோள் கொடுத்தார். தக்காளிக் கூடைகள் சரிந்து தெருவில் உருண்டன. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்படியே வண்டி வண்டியாக ஒதுங்கி, ஜீப்பு நுழையும் அளவுக்கு வழி பிறந்தது.

பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். செய்தி வந்தபோது சுருளி ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைக் கேட்க நானும் மதினியும் எதிர்க்கடையில் போய் உட்கார்ந்தோம். அண்ணன் எழுந்தார். "உள்ள வர்றவனுக்குக் கட்டணம் வேணாம். வந்து நிக்கிறவனுக்குப் போடுங்க. மொதல்ல என் கடைக்குப் போடுங்க" என்றார். கசமுசவென்று பேச்சு எழுந்தது. வாசலில் நின்ற சுருளி விடவில்லை: "இல்லண்ணே, வர்றவனுக்கும் போடணும். வழி கிடைக்கும்னா ரெண்டணா நான் தர்றேன்." அந்தச் சிலமலைக்காரரும் வந்திருந்தார். "ஒங்களுக்கென்னப்பா? தக்காளி விலை போகாத அன்னைக்கி நான் ஓரணாவுக்கு எங்க போவேன்?" என்று கேட்டார். கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது.

எனக்கும் முடிவு தெரியவில்லை. மூவர் சொன்னதும் நியாயமாகத்தான் படுகிறது. ஒன்று மட்டும் கண்ணால் பார்த்தேன்: காசு வாங்காமலே அந்தத் தெரு ஒருநாள் வழிவிட்டது. தினமும் அப்படி விடுமா என்பதுதான் கேள்வி.

போகிறவர்களுக்கு: மாசிக்குள் போய்விடுங்கள், வாசம் அப்போதுதான். மேலே கம்பளி அவசியம். ஜீப்பில் முன் இருக்கை கேளுங்கள். ஊர் திரும்பும் அன்று ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வீட்டைவிட்டுக் கிளம்புங்கள். எங்களை வழியனுப்பக் குதிரை வண்டியில் வந்த பெருமாள் அண்ணன், கடைத்தெரு நடுவில் தெரிந்தவர் ஒருவரைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொன்னார். தெருவில் வண்டியை நிறுத்துவது எவ்வளவு பெரிய தப்பு என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தார். பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டே போயின. நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினோம்.