டெய்லரக்காவின் முதுகு வலி

முதுகு வலிக்கிறது என்று டெய்லரக்கா சொன்னது பேச்சின் முதல் பாதி மட்டும்தான். "இந்தப் படுக்கை எனக்கு ஒத்துக்கல, முதுகு வலிக்குது" என்று ஆரம்பித்து, "அதனால நான் வீட்டுக்குக் கிளம்பறேன்" என்று முடிப்பதாக உத்தேசம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகைகூடப் பார்த்திருந்தார். ஆனால் முதல் பாதி வாயிலிருந்து விழுந்ததுமே தங்கையின் வீட்டுக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "எங்க வலிக்குதுக்கா? இடத்தைச் சரியா காட்டுங்க" என்று எழுந்துவிட்டார். மீதிப் பாதி தொண்டையிலேயே தங்கிப்போனது.

டெய்லரக்கா என்று அவருக்குப் பெயர் வைத்தவர்கள் கடைக்கு வருகிறவர்கள். நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே ஒற்றை ஷட்டர் கடை. பள்ளிச் சீருடை தைப்பது, கால்சட்டைக்கு உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, அவ்வப்போது ஜன்னல் திரை. முன்பக்கம் தையல் மிஷினும் இஸ்திரி மேசையும். குறுக்கே ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ரேடியோ. அதுதான் வீடு. கையை நீட்டினால் இரண்டு சுவரிலும் இடிக்கும். ஆனால் நினைத்த நேரத்தில் ஷட்டரை இழுத்துவிட்டு, ரேடியோவைத் திருகிவிட்டு, காலை நீட்டிப் படுக்கலாம். ஏன் என்று கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லையே என்று ஊரெல்லாம் அவருக்காக உச்சுக் கொட்டியது. டெய்லரக்காவோ அதைத்தான் தம் வாழ்நாளில் சம்பாதித்த ஒரே சொத்தாக நினைத்தார்.

சும்மா வந்த சொத்தில்லை அது. அம்மா போனபோது தங்கைக்கு நடை பழகியிருக்கவில்லை. அப்பா லாரி ஓட்டுநர். வீட்டுக்கு வருவதே அபூர்வம். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டு, பக்கத்து வீட்டில் தையல் பழகி, தங்கையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, படிக்கவைத்து, ஆளாக்கினார். தனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "இவ படிப்பு முடியட்டும்" என்றார். படிப்பு முடிந்தது. அதற்குள் பேச்சு வருவது நின்றிருந்தது. அதற்காக அவர் மூக்கைச் சிந்தியதில்லை. தங்கையைக் கட்டிக்கொடுத்த கையோடு அந்தக் கடையைப் பிடித்தார். அப்புறம்தான் மூச்சு விடவே ஆரம்பித்தேன் என்று வாடிக்கைக்காரிகளிடம் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அந்த மூச்சுக்குத்தான் ஆபத்து வந்தது. தங்கைக்கு மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து, குழந்தையைக் காப்பகத்தில் விட்ட வாரமே அதற்குக் காய்ச்சல் கண்டது. போனில் ஒரே அழுகை. "ஒரே ஒரு மாசம் வந்து பாத்துக்கக்கா. உனக்கென்ன, தனி ஆளு."

இந்த 'உனக்கென்ன' இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவரைத் தேடிப்பிடித்து நாலு சாத்து சாத்தலாம். புருஷன் உள்ளவளுக்குப் புருஷன் சாக்கு. பிள்ளை உள்ளவளுக்குப் பிள்ளை சாக்கு. தனியாக இருப்பவளுக்கு மட்டும் எந்தச் சாக்கும் செல்லாது. அவளை யார் வேண்டுமானாலும் தூக்கி எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். டெய்லரக்கா ஷட்டரில் 'ஒரு மாதம் விடுமுறை' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டுவிட்டு வந்தார். மாதம் முடிந்தது. அடுத்த மாதமும் முடிந்தது. குழந்தை அவர் தோளில் மட்டுமே தூங்கும் என்று ஆகிவிட்டது. அட்டை மட்டும் அங்கே பொய் சொல்லிக்கொண்டு தொங்கியது.

தங்கை வீட்டில் ஒரே படுக்கையறை. அது அவர்களுக்கும் குழந்தைக்கும். டெய்லரக்காவுக்கு ஹாலில் சோபா கம் பெட். பகலில் சோபா, ராத்திரி அடியிலிருந்து இழுத்தால் மூன்று மடிப்பும் விரிந்து படுக்கையாகும். விடிந்ததும் அவர் செய்கிற முதல் வேலை அதை மடிப்பதுதான். போர்வையை மடித்து, தலையணையை அலமாரியில் செருகி, கம்பிச் சட்டத்தை முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளினால் மடக்கென்று உள்ளே போய்விடும். அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கும். அங்கே ஒருத்தி படுத்து எழுந்தாள் என்பதற்கு அடையாளமே இருக்காது. மடிக்கிற படுக்கையில் படுப்பவள் விருந்தாளிதான், என்றைக்காவது கிளம்புகிறவள்தான் என்று தனக்குத்தானே ஒரு கணக்கு வைத்திருந்தார்.

முதுகு வலி பொய்யில்லை. மெத்தை என்று பெயர் சூட்டியிருந்த அந்த மெல்லிய சமாசாரத்துக்கு அடியில், சரியாக இடுப்புக்கு நேரே, ஒரு குறுக்குக் கம்பி ஓடியது. காலையில் எழுந்தால் நிமிர ஒரு பாட்டம் முனக வேண்டியிருந்தது. அன்பான அக்கா போகிறேன் என்று சொல்லக் கூடாது. உடம்பு முடியாத அக்கா சொல்லலாம். கம்பியை அவர் மனதுக்குள் வாழ்த்தத் தொடங்கியிருந்தார்.

மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. எதையும் சரிசெய்யாமல் விட்டால் அவருக்குச் சோறு இறங்காது. படுக்கையை இழுத்து, மெத்தையைக் கிளப்பி, டார்ச் அடித்துப் பார்த்தார். "ஸ்பிரிங் எல்லாம் தொளதொளன்னு இருக்குக்கா. லிஃப்ட் ஒரு அங்குலம் தொங்கினாலே ஜனங்க கத்துறாங்க. நீங்க இவ்வளவு பள்ளத்துல படுத்துக்கிட்டு வாயே திறக்கலையே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஸ்பிரிங்குகளைக் கழற்றி, கொக்கிகளை நெருக்கி மாட்டி, மெத்தையைத் தாங்கும் கம்பி வலையை விறைப்பாக்கினார். கையோடு சக்கரங்களுக்கு எண்ணெயும் விட்டார்.

மறுநாள் காலை பல் துலக்கும் முன்பே வந்து நின்றார். "இப்ப எங்கக்கா வலிக்குது?"

"இடுப்புல கொஞ்சம்..."

இடுப்பு என்றதும் பிளைவுட் வந்தது. படுக்கையின் அளவுக்கே அறுத்து, முனைகளை உப்புத்தாள் போட்டு இழைத்து, கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவில் செருகினார். கம்பி செத்தது. டெய்லரக்கா பொய் சொல்லிப் பழகாதவர். ஆனாலும் தோள்பட்டை என்றார். தோள்பட்டைக்கு ஒரு ஃபோம் வந்தது, ஒரு சாண் தடிமனில். பிறகு கழுத்து என்றார். தலைமாட்டில் சோபா முதுகுக்கும் படுக்கைக்கும் நடுவிலிருந்த சந்தில்தான் தலையணை விழுகிறது என்று கண்டுபிடித்து, பழைய கம்பளியைச் சுருட்டி அதை அடைத்தார். விடிந்தால் இவற்றையெல்லாம் உருவிச் சுவரோரம் சாய்த்த பிறகுதான் படுக்கை மடிந்தது. உடம்பில் மிச்சமிருக்கும் உறுப்புகளை எண்ணி டெய்லரக்காவுக்கே கவலையாகிவிட்டது.

கெட்ட மனிதராக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கலாம். இவர் நல்லவர். அதுதான் இக்கட்டு. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் மண்டியிட்டு உங்கள் முதுகுக்காகப் பலகை இழைக்கிறவரிடம், எனக்கு உங்கள் வீடே மூச்சு முட்டுகிறது என்று எந்த வாயால் சொல்வது? டெய்லரக்கா, "எதுக்கு மாப்பிள்ளை இவ்வளவு சிரமம்" என்றார். "உங்களுக்குச் செய்யாம யாருக்குக்கா செய்யப் போறேன்" என்றார் அவர். தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் சரியானபோது ஒரு குறை மிஞ்சியது. ஃபோம் மெத்தையின்மேல் நிற்காமல் வழுக்கியது. புரண்டு படுத்தால் ஆள் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க, நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்து ஒரு உறை வேண்டும். "அதை அக்காவே தைச்சா கச்சிதமா இருக்கும்" என்றாள் தங்கை. "இங்க மிஷின் ஏதுடி?" என்றார் டெய்லரக்கா, தப்பித்த நிம்மதியோடு.

அந்த வாரம்தான் சீருடைக்காரி ஒருத்தி போன் செய்தாள். பள்ளி திறக்கப்போகிறது, தைத்து வைத்ததையாவது கொடுங்கள் என்று கெஞ்சினாள். நானே போய்க் கொடுக்கிறேன் என்று டெய்லரக்கா செருப்பைத் தேடினார். குழந்தை வீறிட்டது. தங்கைக்கு அன்று காலை வேலை. "நீங்க எதுக்குக்கா அலையணும், சாவியைக் குடுங்க, நான் போற வழிதானே" என்றார் மாப்பிள்ளை. டெய்லரக்கா சாவியைக் கொடுத்தார். எந்தப் பொட்டலம் யாருக்கு என்று விவரமாகச் சொல்லித்தான் கொடுத்தார்.

சாயங்காலம் வாசலில் ஒரு சின்ன வேன் வந்து நின்றது. அதிலிருந்து முதலில் இறங்கியது தையல் மிஷின். பிறகு இஸ்திரிப் பெட்டி, பொத்தான் டப்பாக்கள், அவருடைய இரண்டு பெட்டிகள். டெய்லரக்கா குழந்தையோடு வாசலில் நின்று பார்த்தார்.

"சர்ப்ரைஸ்க்கா!" மாப்பிள்ளை வியர்வையைத் துடைத்தார். "கடை ஓனர் அங்கதான் இருந்தாரு. மூடியே கெடக்கே, வேற ஆள் காத்துக்கிட்டிருக்காங்கன்னாரு. உங்க தங்கச்சிக்கு போன் போட்டேன், காலி பண்ணிடுங்கன்னா. சாவியைக் குடுத்துட்டேன். இனிமே உங்களுக்கு அந்தக் கவலையே இல்ல."

டெய்லரக்கா வேனுக்குள் எட்டிப் பார்த்தார். "கட்டில்?" என்று கேட்டார்.

"அதை வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டேங்க்கா. இங்கதான் இவ்வளவு அருமையா படுக்கை இருக்கே!"

"ரேடியோ?"

"அது வந்திருக்கு, வந்திருக்கு" என்று அவசரமாக வேனுக்குள் தலையை விட்டார். அதை மட்டும் துண்டில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை உறை தைக்க உட்கார்ந்தார். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டதும் பழைய பழக்கத்தில் வாசல் பக்கம் கண் போனது; டெய்லரக்கா என்று யாரும் கூப்பிடவில்லை. மாப்பிள்ளை எலாஸ்டிக் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். தங்கை பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"கோவமாக்கா?"

மிஷின் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. "என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாடி உனக்கு?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவே."

"அதுக்குத்தான்டி கேக்குறது."

தங்கை தரையில் கிடந்த நூல்துண்டை எடுத்து விரலில் சுற்றினாள். "உனக்கு முதுகு வலி போயிடுச்சுன்னா நீ போக மாட்டேன்னு எனக்குத் தெரியும்க்கா. காரணம் இல்லாம, எனக்குப் பிடிக்கல, போறேன்னு சொல்ற ஆளா நீ? சின்ன வயசுலேர்ந்து பாக்குறேனே. அதான் அவர்கிட்ட சொல்லி ஒவ்வொண்ணா சரி பண்ணச் சொன்னேன்."

டெய்லரக்கா அவளையே பார்த்தார். பலகை, ஃபோம், கம்பளிச் சுருள் எல்லாம் மாப்பிள்ளையின் வேலை என்றல்லவா நினைத்திருந்தார்!

"நான் போகணும்னு இருந்தேன்" என்றார். "எனக்கு அங்க இருக்கத்தான் பிடிச்சிருந்துது. அந்தக் கடை எனக்கு அவ்வளவு பிடிக்கும்டி."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா?"

"நீ போயிட்டா நான் என்னக்கா பண்ணுவேன்?" தங்கை அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஐந்து வயதில் அழுத அதே அழுகையை அழுதாள். டெய்லரக்காவுக்கு அவளை ஓங்கி ஓர் அறை விடவேண்டும் போல இருந்தது. கை எழுந்தது. எழுந்த கை பழகிய இடத்துக்கே போய், அவள் தலையைக் கோத ஆரம்பித்தது.

அப்புறம் உறையைத் தைத்து முடித்தார். கோணலாகத் தைத்தால் என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்தார். ஆனால் அந்தக் கைக்குக் கோணல் வராது. தையல் நூல் பிடித்தாற்போல் ஓடியது. மூலைகள் மூலைகளில் உட்கார்ந்தன. மாப்பிள்ளை உறையை மாட்டிவிட்டு, ஒரு புரளு புரண்டு பார்த்துவிட்டு, "அஞ்சு நட்சத்திர ஹோட்டல்க்கா!" என்று கத்தினார். "படுத்துப் பாருங்க. படுங்க, நாங்க சத்தம் போட மாட்டோம்."

பட்டப்பகலில், மூன்று பேர் பார்க்க, டெய்லரக்கா படுத்தார். பலகை தாங்கியது. ஃபோம் வாங்கிக்கொண்டது. தோள், இடுப்பு, கழுத்து எல்லாம் அவையவை இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. தன் கட்டிலில்கூட இப்படிப் படுத்ததில்லை என்று நினைத்தார். நினைத்ததற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்திலேயே தூங்கிப்போனார். குறட்டைகூட விட்டாராம்.

எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது. முதல் வேலையாகப் போர்வையை மடித்தார். தலையணையை அலமாரியில் செருகினார். கம்பிச் சட்டத்தை முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளினார். அசையவில்லை. இன்னும் அழுத்தினார். பலகையையும் ஃபோமையும் உறை ஒன்றாகக் கட்டிப்போட்டிருக்கும்போது மூன்று மடிப்பு எங்கே மடிவது? பாதி எழும்பி, திமிறி, தொப்பென்று விரிந்துகொண்டது. மறுபடி தள்ளினார். மறுபடி விரிந்தது. மூச்சிரைக்க, கண் இருட்ட, உடம்பின் பலத்தையெல்லாம் போட்டுத் தள்ளினார்.

சத்தம் கேட்டு மாப்பிள்ளை ஓடி வந்தார். "ஐயோ, விடுங்கக்கா! அது இனிமே மடங்காது. எதுக்கு மடிக்கணும்? உங்க படுக்கை, அப்படியே கெடக்கட்டும்" என்று அவரைப் பிடித்து விளிம்பில் உட்கார வைத்தார். பிறகு வழக்கம்போல் குனிந்து, அக்கறையோடு கேட்டார்: "இப்ப எங்கக்கா வலிக்குது?"

டெய்லரக்கா தேடிப் பார்த்தார். கழுத்திலிருந்து குதிகால் வரைக்கும் ஒவ்வோர் இடமாக நிதானமாகத் தேடினார்.

"எங்கயும் இல்ல மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, விக்கி விக்கி அழுதார்.

மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.