வெள்ளிக்கிழமைக்கு முன்கூட்டி எழுதிய நன்றி

லிஃப்ட்காரருக்கு எழுதுவது என்றால் வேப்பங்காய். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். இப்போது பதினெட்டுக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் பொறுப்பு. மாதம் ஒருமுறை ஒவ்வொரு மொட்டைமாடி அறைக்கும் ஏறி, மோட்டாருக்கு எண்ணெய் விட்டு, இரும்பு வடத்தைத் தடவிப் பார்த்து, பிரேக்கைச் சோதித்துவிட்டுத்தான் இறங்குவார். வேலையில் ஒரு சொட்டை சொல்ல முடியாது.

எழுத்தில்தான் கோளாறு. அந்த அறைகளின் சுவரில் கயிற்றில் ஓர் அட்டை தொங்கும். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டம். ஒவ்வொரு மாதமும் பார்த்து முடித்ததும் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இவர் ஜனவரியிலேயே பன்னிரண்டுக்கும் போட்டுவிடுவார். கையெல்லாம் கிரீஸ், பேனா வழுக்குகிறது, எப்படியும் மாதாமாதம் வரத்தானே போகிறோம் என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் நன்றி நோட்டு வந்து சேர்ந்தது. ஞாயிறு ஆராதனை முடிவில் போதகர் சொன்னார்: வீட்டுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள், நாற்பது நாளைக்குத் தினமும் மூன்று காரியத்துக்கு ஆண்டவருக்கு நன்றி எழுதுங்கள், நாற்பதாம் நாள் உங்கள் மனசு உங்களுக்கே தெரியும். லிஃப்ட்காரர் மனைவி துணிக்கடையில் தைக்கிறவள். அன்றைக்கே நோட்டில் ஓட்டை போட்டு, கயிறு கோத்து, அடுப்படி ஆணியில் மாட்டிவிட்டாள். தப்பு அங்கேதான் நடந்தது. கயிற்றில் தொங்குகிற எதைக் கண்டாலும் அந்த மனுஷன் கைக்கு ஒரே பழக்கம்தான்.

இரண்டாம் வாரம் புதன்கிழமை சாயங்காலம் அவள் நோட்டைக் கழற்றினாள்.

“ஏங்க, இன்னைக்கு என்ன கிழமை?”

“புதன்.”

“நாளைக்கு மழை வராததுக்கு நன்றி சொல்லியிருக்கீங்க.”

“வராது. வானம் வெளுத்துக் கிடக்கு.”

“வெள்ளிக்கிழமைக்கும் சொல்லியிருக்கீங்க.”

அவள் இடது மார்பில் ஒரு கட்டி. போன வாரம் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வெள்ளிக்கிழமை வரும். அந்த வெள்ளிக்கு நேரே, கட்டை கட்டையான எழுத்தில், ‘முடிவு வந்தது. ஒன்றும் இல்லை. நன்றி’ என்று இருந்தது.

“என்னங்க இது, ஆண்டவருக்கே சீட்டு எழுதி அனுப்பறீங்களா? இந்தா, இப்படி நடத்திடுன்னு?”

“எழுதறதுதானே. சேர்த்து எழுதிட்டேன்.”

“சனிக்கிழமைக்கு என் கையால சாப்பிட்டதுக்கு நன்றியாம்.”

“அது எப்பவும் நடக்கறதுதானே.”

சொல்லிவிட்டு அவர் தண்ணீர்க் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “அன்னிக்கு எழுத முடியாமப் போயிட்டா? அதான், முடியறப்பவே எழுதி வெச்சேன்” என்றார்.

அவள் பேனாவை நீட்டினாள். “வெள்ளிக்கிழமையை அடிங்க.”

அவர் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சுருக்கமாகக் கையெழுத்தும் போட்டார்.

“இதுக்கு எதுக்குக் கையெழுத்து?”

“அடிச்சாப் போடணும். கம்பெனி சட்டம்.”

வியாழக்கிழமை மழை கொட்டித் தீர்த்தது. சாயங்காலம் முதல் வரியை அவரே அடித்துவிட்டு எழுதினார்: ‘மழை வந்தது. நான் மோட்டார் அறைக்குள் இருந்தேன். நன்றி.’ அவருக்குத் தெரிந்து அந்த நோட்டில் அவர் எழுதிய முதல் உண்மை அதுதான்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. கட்டி கெட்டதுதான். ஆனால் சின்னது, சீக்கிரமே கண்ணில் பட்டுவிட்டது, அறுத்து எடுத்துவிட்டு மருந்து கொடுக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை வந்து படுங்கள் என்றார்.

லிஃப்டில் இறங்கும்போது அவர் கூரையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“தேஞ்சுக்கிட்டே வருது” என்றார்.

“எது?”

“பிரேக்கு. சத்தம் கேக்கல?”

“உங்களுக்கு இப்ப அதுதான் கேக்குதா?”

“அதுதான் எனக்குப் புரியுது.”

வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் எழுந்து நோட்டை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள்.

“எழுதுங்க.”

“என்னத்த எழுத?”

“சின்னதுன்னு சொன்னாங்கல்ல. அதை எழுதுங்க.”

“கெட்டதுன்னும்தான் சொன்னாங்க.”

“அதை ஜெபத்துல சொல்லி அழுவோம், ரெண்டு பேருமா. நோட்டுல சின்னதை எழுதுங்க.”

அடித்த கோட்டுக்குக் கீழே ‘சின்னது’ என்று எழுதினார். அவ்வளவு சின்ன சொல்லுக்கு அவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது கிடையாது. அதற்குக் கீழே, ‘நானும் கூடப் போனேன்’ என்று எழுதினார். மூன்றாவதற்குப் பேனா நகரவில்லை. சுவரைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கழன்ற திருகாணியைத் தேடுகிற மாதிரி தரையைக்கூடப் பார்த்தார்.

அவள் பேனாவை வாங்கி, நோட்டை அவர் மடியிலேயே வைத்து எழுதினாள்: ‘இவர் இன்றைக்கு உள்ளதை இன்றைக்குத்தான் எழுதினார்.’

அவர் இரண்டு தடவை படித்தார்.

“கையெழுத்துப் போடு” என்றார்.

போட்டாள். பிறகு விரலால் அடுத்த வரியைத் தொட்டாள். சனிக்கிழமை நன்றி அப்படியே இருந்தது.

“இதையும் அடிங்க.”

“ஏன்?”

“நாளைக்கு நீங்கதான் சமைக்கிறீங்க.”

அவர் கோடு போட்டு, கையெழுத்தும் போட்டார்.